படத்தில் இருந்தவளுக்குத் தைத்த ரவிக்கை

நான் குள்ளம். கணவர் பக்கத்தில் நின்றால் என் உச்சந்தலை அவருடைய சட்டைப் பையில் செருகிய பேனாவைத் தாண்டாது. வெறும் குள்ளம் என்றால்கூடப் பரவாயில்லை, அந்தச் சின்ன உடம்புக்குக் கொஞ்சமும் ஒத்துப்போகாத கனத்த மார்பு வேறு. இப்போது வயதாகிவிட்டதால் இதைக் கை கூசாமல் எழுத முடிகிறது. கல்யாணமான புதிதில் யாராவது இந்தப் பேச்சை எடுத்திருந்தால், எழுந்துபோய் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டிருப்பேன்.

பினாங்கில் அப்போது நாங்கள் கட்டிய சேலைகள் எல்லாம் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தவை. கடைத்தெருவில் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தால் ஆசையாக இருக்கும். ஆனால் நெய்தவன் என்னைப் போல ஒருத்தி இருப்பாள் என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. சேலையின் அகலம் என் உயரத்துக்கு மிஞ்சியது. மிஞ்சியதை மடித்து இடுப்பில் செருகினால் வயிற்றில் தலையணை கட்டியது போல் நிற்கும். மேலே கனம், நடுவிலும் கனம், உயரம் மட்டும் கிடையாது. அகலக் கரை போட்ட பட்டு என்றால் இன்னும் மோசம், முழங்கால் வரைக்கும் கரையே ஏறிவிடும். ஒருமுறை பெரிய கட்டம் போட்ட சேலையைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். தெரிந்த பெண் ஒருத்தி, "என்னக்கா, ஜமக்காளத்த சுத்திக்கிட்டு வந்துட்டீங்க?" என்றாள். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அந்தச் சேலையை ஜன்னல் திரையாகத் தொங்கவிட்டேன்.

ரவிக்கை கதை இதைவிடக் கேவலம். தையற்காரர்கள் எல்லோரும் ஆண்கள். பெண் பிள்ளை போய் அவர்கள் முன்னால் நின்று அளவு கொடுக்கும் வழக்கம் எங்களுக்குள் இல்லை. நன்றாகப் பொருந்துகிற பழைய ரவிக்கை ஒன்றைச் சுருட்டி, வீட்டு ஆண்கள் கையில் அளவுக்குக் கொடுத்தனுப்புவோம். பொருந்துகிற ரவிக்கை ஒன்று இருப்பவர்களுக்கு அது நல்ல ஏற்பாடுதான். எனக்கு அப்படி ஒன்று பிறந்ததே இல்லை. மார்புக்குச் சரியாக இருந்தால் தோள் சரிந்து தொங்கும், தோளுக்குச் சரியாக இருந்தால் கொக்கி எட்டாது. கோணலானதை அளவுக்குக் கொடுத்தால் அதே கோணலோடு புதிதாக ஒன்று திரும்பி வரும். அதில் ஒன்றை எடுத்து அடுத்த முறை அளவுக்குக் கொடுப்பேன். இப்படியே ஒரு பரம்பரை வளர்ந்தது.

கல்யாணமாகி முதல் தீபாவளிக்கு என் கணவர் அப்படிச் சுருட்டிக் கொடுத்த ரவிக்கைப் பொட்டலத்தைச் சூலியா தெருத் தையற்கடைக்கு எடுத்துப் போனார். கடற்கரைப் பக்கம் ஒரு சரக்குக் கிட்டங்கியில் கிராணி வேலை அவருக்கு, நாள் முழுக்கக் கணக்கு எழுதுகிற மனிதர், அதிகம் பேச மாட்டார். அன்றைக்குத் திரும்பி வந்தவர் பொட்டலத்தைப் பிரிக்காமல் மேசைமேல் வைத்தார்.

"என்னங்க, தைக்க மாட்டேன்னுட்டாரா?"

"இல்ல, அவரு ஒண்ணு கேட்டாரு." சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மேசைமேல் வைத்தார். "தோளு ஒரு ஆளு அளவு, நெஞ்சு வேற ஆளு அளவா இருக்குண்ணே, ரவிக்கைய மாத்தி எடுத்தாந்துட்டீங்களான்னு கேட்டாரு."

"கடையில யாரும் இருந்தாங்களா?"

"இருந்தாங்க."

மாலை முழுக்க அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என்னால் அவருக்குத் தலைகுனிவு என்று நான் முடிவு கட்டினேன். அதற்கப்புறம் வெளியே போகும்போதெல்லாம் முந்தானையை இரண்டு தோளையும் சுற்றி இழுத்துக் காய்ச்சல்காரி மாதிரி போர்த்திக்கொண்டேன். பினாங்கு வெயிலில் அப்படிப் போர்த்திக்கொண்டு நடப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். அவர் முன்னால் போவார், நான் பின்னால் போவேன். அவர் நின்றால் நானும் நின்றுவிடுவேன். பக்கத்தில் போய் நின்று அவரை அவமானப்படுத்தக் கூடாது என்பது என் எண்ணம்.

என் மாமியார் என்னைப் பார்த்ததில்லை. நான் பினாங்கிலேயே பிறந்தவள், கல்யாணமும் இங்கேயே நடந்தது. அவர் நாகப்பட்டினத்தில் இருந்தார். கணவனை இழந்தபின் கை மிஷின் ஒன்றை வைத்துக்கொண்டு தெருப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்து மகனைப் படிக்க வைத்தவர். அவரிடமிருந்து கடிதம் வந்தது. மருமகள் எப்படி இருப்பாள் என்று பார்ப்பவர்கள் எல்லாம் கேட்கிறார்கள், சொல்ல வாயில்லை, இரண்டு பேரும் சேர்ந்து படம் எடுத்து அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார். கணவர் அதை எனக்கு வாசித்துக் காட்டினார். தெருவே பார்க்கப்போகும் படம். அதுவும் ரவிக்கையைப் பார்த்தே ஆளை அளந்துவிடுகிற ஒரு தையற்காரியின் கையில் போய்ச் சேரும் படம்.

என்ன உடுத்துவது என்று நான் பட்ட பாடு இருக்கிறதே! நாங்கள் குயீன் தெருப் பக்கம் ஒரு கடையின் மாடியில் குடியிருந்தோம். பின்கட்டில் இருந்த மலாய் அக்கா ஒருவர் தம்முடைய பாஜுவைக் கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னார். தொளதொளவென்று முழங்கால் வரை இறங்கும் சட்டை. உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது. அவ்வளவு சுகமான உடுப்பை நான் அதுவரை போட்டதில்லை. ஆனால் அதை மாட்டிக்கொண்டு படம் எடுத்து நாகப்பட்டினத்துக்கு அனுப்ப முடியுமா? "மலாய்க்காரியையா கட்டியிருக்கான்?" என்று தெருவே திரண்டுவிடாதா? தெருவில் நோன்யாப் பெண்கள், இந்த ஊரிலேயே ஊறிப்போன சீனக் குடும்பத்துப் பெண்கள், உடம்போடு ஒட்டிய பூப்போட்ட கெபாயாச் சட்டை அணிந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவார்கள். அவர்களிலும் என் உயரம் உள்ளவர்கள் உண்டு, என்னைப் போல் கனத்தவர்களும் உண்டு. அவர்களுக்கு அது அழகாகத்தான் இருந்தது. எனக்கு அவர்கள்மேல் பொறாமையைவிடக் கோபம்தான் வந்தது, எப்படி இவ்வளவு தைரியம் என்று.

கடைசியில் கேம்பல் தெருச் சீனர் துணிக்கடை ஒன்றில் அதிர்ஷ்டம் அடித்தது. மெல்லிய வாயில் சேலை, சந்தன நிறம், கரை என்று ஒரு கோடுதான். கடை முதலாளியான தவுக்கே அகலம் கம்மியான துணி என்று சொல்லி ஒதுக்கி வைத்திருந்தார். மற்ற பெண்களுக்குக் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடுமாம், வாங்கிப் போனவர்கள் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்களாம். எனக்கு அது தரையைத் தொட்டது. இடுப்பில் மடிப்பு இல்லை, தலையணை இல்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம் என்பதால் நானே கொஞ்சம் வளர்ந்தது போல் இருந்தது. கண்ணாடி முன்னால் நின்று பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தேன். மார்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்கு எந்தத் துணியாலும் ஒன்றும் செய்ய முடியாது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

போட்டோக் கடை ஒரு மாடியில். படம் எடுத்தவர் வயதான சீனர். தூண்களும் கொடிகளும் வரைந்த கறுப்புத் திரைக்கு முன்னால் என் கணவரை நாற்காலியில் உட்கார வைத்து, என்னைப் பக்கத்தில் நிற்க வைத்தார். அப்படி நின்றால்தான் இருவர் தலையும் ஒரு படத்துக்குள் அடங்குமாம். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டவர் வெளியே வந்து, இரண்டு தோளையும் போர்த்தியிருந்த முந்தானையை இறக்கிவிடும்படி மலாயில் சொன்னார். நான் அசையவில்லை. இன்னொரு முறை சொன்னார். கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இறக்கிவிட்டுக் கண்ணை மூடாமல் நின்றேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

முடிந்ததும் நான் விறுவிறுவென்று படியிறங்கிக் கீழே வந்துவிட்டேன். அவர் உடனே வரவில்லை. மேலே இருவரும் தணிந்த குரலில் பேசுவது கேட்டது, என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. படம் எத்தனை, எப்போது கிடைக்கும் என்றுதான் பேசியிருப்பார்கள் என்று அப்போது நினைத்தேன்.

படம் வந்த அன்று அந்த நினைப்பு மாறியது. படத்தில் இருந்தது என் முகம், என் சேலை, என் கை. ஆனால் தோளுக்குக் கீழே வேறொருத்தி. மார்பு இருந்த இடம் கறுப்புத் திரையோடு கலந்துபோய், கழுத்திலிருந்து இடுப்புவரை வழுவழுவென்று ஒரே கோடாக இறங்கியிருந்தது. படம் பதிகிற கண்ணாடித் தகட்டில் கத்தியால் சுரண்டியும் பென்சிலால் பூசியும் முகத்துச் சுருக்கத்தை எடுப்பார்கள், அம்மைத் தழும்பை மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என்னை இழைப்புளி போட்டு இழைத்திருந்தார்கள்.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். அதைச் சொல்லத்தான் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. எவ்வளவு அழகாக இருந்தாள் அவள்! ஒல்லியாக, வாழைக்குருத்து மாதிரி. இவளுக்கு எந்த ரவிக்கையும் பொருந்தும், எந்தச் சேலையும் நிற்கும். அப்புறம்தான் சுருக்கென்றது. மாடியில் தணிந்த குரலில் பேசியது இதைத்தான் போலிருக்கிறது. தன் அம்மாவிடம் காட்டுவதற்கு இப்படி ஒரு பெண்டாட்டி வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். அவர் படத்தை வெகுநேரம் பார்த்தார். "நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னார். நானும் "ஆமா, நல்லா இருக்கு" என்றேன். கேட்டிருக்கலாம். கேட்க வேண்டுமென்றால் அந்த உறுப்பின் பெயரை வாயால் சொல்ல வேண்டுமே!

படம் கப்பலேறியது. சில மாதம் கழித்து, ஊரிலிருந்து வந்த ஒருவர் மூலம் மாமியார் ஒரு பொட்டலம் அனுப்பியிருந்தார். உள்ளே மயில்கழுத்து நிறத்தில், ஒரே துணியில் இரண்டு ரவிக்கைகள். தையல் என்றால் தையல், நூல் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. கூடவே கடிதம். கணவர் சத்தமாக வாசித்தார். மருமகளை நேரில் பார்க்காவிட்டால் என்ன, மகனுடைய தோளகலம் எனக்குத் தெரியாதா, படத்தில் ஒரு தீக்குச்சியை வைத்து அவன் தோளை அளந்தேன், அதே குச்சியால் அவளையும் அளந்து கணக்குப் போட்டுத் தைத்துவிட்டேன், கச்சிதமாக இருக்கும் என்று எழுதியிருந்தார். அடுத்து வருகிற கப்பலில் தாமே வரப்போவதாகவும், மருமகள் இந்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு துறைமுகத்துக்கு வரவேண்டும், கூட்டத்தில் இதை வைத்தே அடையாளம் கண்டுகொள்வேன் என்றும் முடித்திருந்தார்.

கணவர் கடிதத்தை மடித்தார். நான் ரவிக்கையை மடித்தேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அவர் வேலைக்குப் போனதும் போட்டுப் பார்த்தேன். படத்தில் இருந்தவளுக்குக் கச்சிதமாக இருந்திருக்கும். எனக்கு முன்பக்கம் ஒரு சாண் இடைவெளி விட்டு நின்றது. இழுத்து இழுத்து விரல் சிவந்ததுதான் மிச்சம். கணவரிடம் சொல்ல முடியாது. தையற்காரரிடம் அனுப்பலாம் என்றால் அதுவும் கணவர் கையால்தான் போகவேண்டும். போடாமல் போகலாம் என்றால் ஆசையாகத் தைத்து அனுப்பியதை மதிக்காத மருமகள் என்று முதல் பார்வையிலேயே பெயர் வாங்க வேண்டும். போட்டுக்கொண்டு போக வேண்டும், வேறு வழியில்லை. போட்டுக்கொண்டு போனால்தான் அந்தப் படம் பொய் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்கும். படத்தில் இருந்தவளாக நான் மாறியாக வேண்டும்.

இரண்டில் ஒன்றைப் பிரித்தேன். மனசாட்சி இருப்பவள் அந்தத் தையலைப் பிரிக்க மாட்டாள். பிரித்த துணியிலிருந்து பட்டைகள் வெட்டி, இன்னொன்றின் அக்குளுக்குக் கீழே இரண்டு பக்கமும் வைத்துத் தைத்தேன். என் தையலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். நான் தைத்த பட்டை பார்ப்பதற்குப் புண்ணில் ஒட்டிய பிளாஸ்திரி மாதிரி இருந்தது. கை தொங்கினால் தெரியாது, அதனால் கையைத் தூக்காமல் இருந்துகொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். அப்படியும் இரண்டு விரற்கடை எட்டவில்லை.

சீனப் பெண்கள் மார்பைத் தட்டையாக்க உள்ளே ஒரு கைவைக்காத சட்டை போடுவார்கள் என்று மலாய் அக்காதான் சொன்னார். இந்தக் காலத்துப் பெண்கள் விட்டுவிட்டார்கள், பழைய ஆட்கள் சிலர் இன்னும் போடுகிறார்கள் என்றார். கேம்பல் தெருச் சந்து ஒன்றில் அதைத் தைத்து விற்கும் ஒரு சீனத்தி இருந்தாள். அங்கே பெண்ணுக்குப் பெண்ணே அளவெடுப்பாள் என்று நிம்மதியாகப் போனேன். அவள் கடை வாசலிலேயே, நாலு பேர் பார்க்க, என் முந்தானையை விலக்கி நாடாவைச் சுற்றினாள். அளவைப் பார்த்ததும் உள்ளே இருந்தவளுக்கு உரக்க ஏதோ சொன்னாள். உள்ளே இருந்தவள் நம்பாமல் எட்டிப் பார்த்தாள். "பெசார், பெசார்" என்று அளவெடுத்தவள் என்னிடம் மலாயில் சொல்லிச் சிரித்தாள், பெரியது பெரியது என்று. எனக்குத் தெரியாத சேதியா! அளவெடுத்ததே போதும் என்று ஓடி வந்திருப்பேன், கப்பல் வரும் நாள் நெருங்கிவிட்டதால் நின்றேன்.

முன்பக்கம் நெருக்கமாகப் பொத்தான் வைத்த அந்தச் சட்டையை மூச்சை வெளியே விட்டுவிட்டுத்தான் போட வேண்டும். போட்டபின் முழு மூச்சு உள்ளே வராது. இங்கே அமுக்கினால் அங்கே பிதுங்கும். கொஞ்சம் அக்குளுக்கும் கொஞ்சம் கழுத்துக்கும் ஏறிக்கொண்டது. ஆனாலும் ரவிக்கையின் கொக்கி மாட்டியது. பழகுவதற்காக அதைப் போட்டுக்கொண்டே சமைத்தேன், துணி துவைத்தேன். ஒருநாள் படியேறி வந்து சுவரில் சாய்ந்து நின்றதைக் கணவர் பார்த்துவிட்டார்.

"உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லீங்க."

"டாக்டர்கிட்ட போவமா?"

"ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல!" என்று எரிந்து விழுந்தேன். அவர் போய் முகம் கழுவினார்.

கப்பல் வந்த நாள் நல்ல வெயில். துறைமுகத்தில் கூலியாட்கள், மூட்டைகள், ஆட்களை வரவேற்க வந்தவர்கள் என்று ஒரே நெரிசல். நான் சந்தன நிற வாயில் சேலையும் மயில்கழுத்து ரவிக்கையுமாகக் கையை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு நின்றேன். மாமியார் நெடுநெடுவென்று உயரமாக, நரைத்த தலையோடு இறங்கி வந்தார். மகனைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் அழுதார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். பார்வை என் ரவிக்கையில் வந்து நின்றது. அங்கிருந்து முகத்துக்கு ஏறி, மறுபடியும் ரவிக்கைக்கு இறங்கியது.

"படத்துல இருந்த பொண்ணு இதானா?" என்றார்.

"ஆமாம்மா" என்றார் கணவர், கடலைப் பார்த்துக்கொண்டு.

நான் காலில் விழ வேண்டும். முதன்முதலாக மாமியாரைப் பார்க்கிறேன், அவர் கடல் கடந்து வந்திருக்கிறார், விழுந்து கும்பிடாமல் எப்படி இருப்பது? முழங்காலை மடித்தேன். குனியத் தொடங்கியதும் மூச்சு அடைத்தது, அக்குள் பட்டையில் நூல் ஒன்று பட்டென்று அறுபட்டதை உணர்ந்தேன். இன்னும் கொஞ்சம் குனிந்து கையை நீட்டினால் முழுக்கப் பிரிந்துவிடும், அத்தனை பேருக்கு முன்னால். அப்படியே நிமிர்ந்துவிட்டேன். கையை மட்டும் குவித்தேன்.

"கால்ல விழு" என்றார் கணவர் மெல்ல.

நான் நின்றேன். திமிர் பிடித்தவள் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றேன். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, அதைத் துடைக்கக்கூடக் கையைத் தூக்க முடியவில்லை. சுற்றி இருந்தவர்கள் பார்த்தார்கள். மாமியாரின் முகம் சுருங்கியது. "விடுடா, இந்த ஊருப் பழக்கம் எப்படியோ" என்று சொல்லிவிட்டு ரிக்‌ஷாப் பக்கம் திரும்பினார். அம்மாவும் மகனும் ஒரு ரிக்‌ஷாவில் ஏறினார்கள். நான் மூட்டைகளோடு இன்னொன்றில் பின்னால் போனேன். பூமி பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்று அன்றைக்கு நினைத்தது நிஜம்.

வீட்டில் மாமியாருக்குச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கையை நீட்டிக் கொடுத்தேன். செம்பை வாங்கியவர் என் அக்குளைப் பார்த்தார். செம்பைக் கீழே வைத்துவிட்டுப் பிரிந்திருந்த பட்டையை விரலால் தொட்டார்.

"இது என் துணில்ல? இன்னொண்ண வெட்டிட்டியா?"

எனக்கு மூச்சுதான் வாங்கியது. அவர் என் கையைப் பிடித்து அடுப்படிக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினார். கேட்காமலேயே ரவிக்கையின் கொக்கிகளைக் கழற்றினார். உள்ளே இருந்த சீனச் சட்டையைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். தோலில் பொத்தான்கள் பதிந்து வரிவரியாகச் சிவந்திருந்தது. முழு மூச்சு உள்ளே வந்தபோது வலித்தது.

"அடிப் பாவி" என்றார். "யாருடி உன்ன இப்படிக் கட்டிப்போட்டது?"

நான் சேலையைச் சுற்றிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றேன். கடைசியில் சொல்லிவிட்டேன். "உங்க புள்ளைக்கு என்னப் பாத்தா வெக்கம் அத்தே. போட்டோக்காரர்கிட்ட சொல்லி அவருதான் அப்படிச் சீவ வெச்சாரு."

அவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். குரல் தெருவுக்கே கேட்டிருக்கும்.

"ஏண்டா, கட்டின பொண்டாட்டிய மரத்தச் சீவற மாதிரி சீவி எனக்குப் படம் அனுப்பிச்சியே, உனக்கு வெக்கமா இல்ல?"

"நானா?" என்றார் அவர். "நான் என்னத்தம்மா சொன்னேன்? எத்தன படம் வேணும்னு கேட்டாரு, ரெண்டுன்னேன். அவ்வளவுதான். அவதான் தனியாப் போய்ச் சொல்லிட்டு வந்திருப்பான்னு நெனச்சேன்."

நான் கதவுக்குப் பின்னால் நின்று இதைக் கேட்டேன். போட்டோக் கடைக் கண்ணாடிப் பெட்டியில் இருந்த சீனப் பெண்களின் படங்கள் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. அத்தனை பேரும் பலகை மாதிரி தட்டையாக இருந்தார்கள். அந்தக் கிழவர் யாரும் கேட்காமலேயே எனக்கும் ஒரு மரியாதை செய்திருக்கிறார். காசுகூட அதிகம் வாங்கவில்லை.

மாமியார் சுவர்களைப் பார்த்தார். எங்கள் கூடத்தில் சாமி படமும் காலண்டரும் தவிர வேறு எதுவும் இல்லை.

"ரெண்டு எடுத்தேன்னியே, இங்க இருக்கறது எங்க?"

"பெட்டியில இருக்கு."

"ஏன் மாட்டல?"

நான் கதவிடுக்கில் நிற்பது அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். "அது இவளே இல்லம்மா. யாரோ ஒருத்தி பக்கத்துல நான் உக்காந்திருக்கற மாதிரி இருக்கு. அத எப்படி நடுக் கூடத்துல மாட்டறது?"

என்னால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. சேலையை அள்ளிப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தேன்.

"அப்படின்னா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேங்க. இத்தன நாளா ஒரு வார்த்த!"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"சொன்னா நீ வெக்கப்படுவியேன்னுதான்" என்றார்.

நான் திரும்பி அடுப்படிக்குள் போனேன். அரிசி ஊறிக்கொண்டிருந்த பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அத்தை வந்து பார்த்தார், அடுப்பைப் பற்றவைத்தார்.